நாய் வராத ஜன்னல்

மதுரை புதூரில் எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடியோ கேம்ஸ் கடை இருந்தது. அதற்கு முன்பு அது மளிகைக் கடை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே மூன்று டிவி, மூன்று பிளேஸ்டேஷன், ஆறு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருந்தார்கள். மணிக்கு 20 ரூபாய். சாமான்கள் போய்விட்டாலும் வாசம் போகவில்லை. புளியும் பெருங்காயமும் சுவரிலேயே ஊறிக் கிடந்தன. 'ரெசிடென்ட் ஈவில்' என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு முதலில் மூக்கில் ஏறுவது அந்தப் பெருங்காயம்தான். ரத்தமும் பிணமும் அப்புறம்தான் ஞாபகத்துக்கு வரும்.

அது 2000-ஆம் வருஷம். எனக்கு 13 வயது. ஆட்டம் 1996-லேயே ஜப்பானில் வந்துவிட்டது, காப்காம் நிறுவனத்துக்காக ஷின்ஜி மிகாமி இயக்கியது என்பதெல்லாம் ரொம்பப் பிற்பாடு தெரிந்துகொண்ட விஷயங்கள். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மார்க்கர் பேனாவில் 'ரெசி 1' என்று எழுதிய ஒரு காப்பி சிடி. நானும் என் கூட்டாளியும் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு ஒரு மணி நேரம் வாங்குவோம். அவனை நான் மாப்ள என்பேன், அவனும் என்னை மாப்ள என்பான்.

கடைக்கார அண்ணனிடம் மெமரி கார்டு கிடையாது. "இருந்துச்சுடா, ஒருத்தன் உருவிட்டுப் போயிட்டான்" என்பார். கார்டு இல்லையென்றால் ஆடிய ஆட்டத்தைச் சேமிக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், ஆட்டத்துக்குள்ளேயே சேமிப்பதற்கு ஒரு கெடுபிடி உண்டு. ஆட்டம் நடக்கும் மாளிகையில் அங்கங்கே டைப்ரைட்டர் இருக்கும். கையில் மை ரிப்பன் இருந்தால்தான் அதில் சேமிக்கலாம். ரிப்பனும் எண்ணி எண்ணித்தான் கிடைக்கும். நாங்கள் மெனக்கெட்டு ரிப்பனைத் தேடி எடுத்துக்கொண்டு டைப்ரைட்டர் முன்னால் போய் நிற்போம், கார்டைக் காணோம் என்று டிவி சொல்லும். ரேஷன் கடையில் கார்டு இருக்கும், சரக்கு இருக்காது. எங்களுக்குச் சரக்கு இருந்தது, கார்டு இல்லை.

ஆகவே ஒவ்வொரு சாயங்காலமும் அதே சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஆரம்பம். மணி முடிகிறபோது ஏறக்குறைய அதே இடத்தில் முடிவு. அந்த மாளிகையின் முதல் ஒரு மணி நேரம் எனக்கு என் வீட்டைவிட நன்றாகத் தெரியும்.

அதில் ஒரு வராந்தா வரும். வளைந்து திரும்புகிற நீண்ட நடை, பக்கவாட்டில் ஜன்னல்கள். முதல் தடவை அதில் பாதி தூரம் நடந்திருப்பேன், கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு நாய் உள்ளே குதித்தது. மாப்ள ஸ்டூலோடு பின்னால் சாய்ந்தான். என் கையிலிருந்த ஜாய்ஸ்டிக் வயர் இழுத்ததில் பிளேஸ்டேஷன் மேசை விளிம்புக்கு வந்து நின்றது. அண்ணன் வந்து இரண்டு பேருக்கும் தலையில் ஒன்று வைத்தார். அன்றைக்கு ராத்திரி நான் எங்கள் வீட்டு ஜன்னலோரம் படுக்கவில்லை.

பத்தாவது தடவை அந்த நாய் பால்காரரைப் போல நேரந்தவறாமல் வந்தது. எத்தனையாவது ஜன்னல், எத்தனையாவது எட்டு என்று மாப்ள முன்கூட்டியே எண்ணுவான். புதிதாகக் கடைக்கு வரும் பையன்களைக் கூட்டிவந்து உட்கார வைத்து, அந்த இடத்தில் ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்ப்போம். பயம் எங்களை விட்டுப் போய் அடுத்தவன் முகத்தில் ஏறிக்கொண்டது.

இந்த நிலைமையில்தான் கடைக்கு இரண்டாம் பாகம் வந்தது. 1998-ல் வந்த ஆட்டம், ஹிடேகி காமியா இயக்கியது. இரண்டு சிடி: லியோன் என்ற போலீஸ்காரனுக்கு ஒன்று, கிளேர் என்ற பெண்ணுக்கு ஒன்று. மாளிகைக்குப் பதில் போலீஸ் ஸ்டேஷன். ஜன்னல்களுக்குப் பஞ்சமில்லை. முதல் ஜன்னலைப் பார்த்ததுமே மாப்ள, "வர்றான் பாரு" என்று ஸ்டூலை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டான். வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே மட்டும் என்னவோ ஒன்று சரசரவென்று ஊர்ந்து போனது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நடைக்குப் போனால் எங்கோ சொட்டுச் சொட்டாக ஒழுகும் சத்தம். தரையில் ரத்தம். சொட்டு எங்கிருந்து விழுகிறது என்று காமிரா மெதுவாக மேலே போகிறது. கூரையில் தோலுரித்த உடம்போடு, மூளை வெளியே தெரிய, நீள நாக்கை நீட்டிக்கொண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்களை ஜன்னலைப் பார்க்க வைத்துவிட்டுக் கூரையில் வைத்திருந்தார்கள். முதல் பாகத்தில் நாங்கள் என்ன கற்றுக்கொண்டோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதோடு விடவில்லை. பிறகு ஒரு விசாரணை அறை வரும். சுவரில் பெரிய கண்ணாடி. "இது உடையும், எழுதித் தாரேன்" என்றான் மாப்ள. உள்ளே போய் எடுக்க வேண்டிய பொருளை எடுத்தோம். உடையவில்லை. சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினோம். உடைந்தது. எழுதித் தருகிறேன் என்றவன்தான் சந்தே கேட்கிற மாதிரி கத்தினான். தெரிந்தவனையே பயமுறுத்துவது இருக்கிறதே, அதற்கு வேறு கைப்பழக்கம் வேண்டும்.

மூன்றாம் பாகத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இந்த ஆட்டங்களில் ஒரு கதவைத் திறந்தால் திரை இருட்டாகி, கதவு மட்டும் மெதுவாகத் திறப்பதைக் காட்டுவார்கள். அடுத்த அறையை சிடியிலிருந்து ஏற்றுவதற்கு நேரம் வேண்டும், அதை மறைக்கத்தான் அந்தக் கதவு. எங்களுக்கு அது மூச்சு வாங்கும் இடம். எது துரத்தினாலும் கதவு வரைதான். பிணங்கள் கதவைத் தாண்டி வராது, நாய் வராது. இரண்டு பாகங்களாக நாங்கள் உயிர்பிழைத்ததே இந்த ஒரு விதியை நம்பித்தான். 1999-ல் வந்த மூன்றாம் பாகத்தில் நெமிசிஸ் என்று ஒருவன் வருகிறான். ஓடிப்போய்க் கதவைத் திறந்து உள்ளே நுழைந்து, ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்து, வியர்த்த கையை டவுசரில் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவு மறுபடி திறந்தது. அவன் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டான்.

அந்த வாரம் அப்பத்தா ராத்திரி தாழ்ப்பாள் போட்ட பிறகு இரண்டாவது தடவை போய்ப் பார்ப்பதை நான் கேலி செய்யவில்லை.

கோயம்புத்தூர் ஹாஸ்டலில், 2005-ல், 'சைலண்ட் ஹில் 2' கைக்கு வந்தது. வந்தது முழு ஆட்டம் இல்லை, இடம் மிச்சம் பிடிப்பதற்காக வீடியோக்களை வெட்டி எடுத்த 'ரிப்'. முன்கதை எதுவும் எனக்குக் காட்டப்படவில்லை. ஒரு அழுக்குக் கழிப்பறையில் ஒருவன் நிற்கிறான், அவன்தான் நான். வெளியே வந்தால் ஏரி, பனிமூட்டம், கீழே இறங்கும் ஒரு பாதை. நடக்கிறேன். இன்னும் நடக்கிறேன். எதுவும் வரவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றும் அளவுக்கு அந்தப் பாதை நீளம். அவனுடைய பையைத் திறந்து பார்த்தபோதுதான் ஒரு கடிதம் இருப்பது தெரிந்தது. செத்துப்போன மனைவி எழுதியது. நமக்குப் பிடித்த இடத்தில் காத்திருக்கிறேன், வா என்கிறாள்.

அந்தக் கடிதத்தை வழியில் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எல்லாரும் பார்ப்பார்களா தெரியாது. வீடியோ இல்லாததால் எனக்கு அது ஒன்றுதான் பிடிமானம். ஆட்டம் போகப்போக அதிலிருந்த எழுத்து மங்கி மறைந்துகொண்டே வந்தது. காப்பி சிடி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கெடவில்லை, அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். எந்தச் சத்தமும் போடாமல், எந்த உருவத்தையும் காட்டாமல், ஒரு வெற்றுத்தாளை வைத்து என்னை அந்த ராத்திரி விழிக்க வைத்தார்கள்.

முதல் 'சைலண்ட் ஹில்' 1999-ல் வந்தது. அதில் பனிமூட்டம் வந்ததற்குக் காரணம் கலை மட்டும் இல்லை. பழைய பிளேஸ்டேஷனால் தொலைவில் இருப்பதையெல்லாம் வரைய முடியாது, அதை மூடி மறைக்கப் பனி உதவியது. 2001-ல் இரண்டாம் பாகம் புது இயந்திரத்துக்கு வந்தபோது மூடி மறைக்க வேண்டிய கட்டாயம் குறைந்துவிட்டது. ஆனாலும் பனியை எடுக்கவில்லை, இன்னும் கெட்டியாக்கினார்கள். அதே சமயம் முதல் பாகத்தின் கதையை அப்படியே விட்டுவிட்டார்கள். மகளைத் தேடி வந்த அப்பாவும் இல்லை, ஊரைப் பிடித்திருந்த மந்திரவாதக் கூட்டமும் இல்லை. ஊரும் பனியும் மட்டும். அந்த ஊர் யார் வந்தாலும் அவரவர் குற்றத்தை எடுத்து அவரவர் முன்னால் வைக்கும் என்பது மட்டும். இரும்பு முக்கோணத்தைத் தலையில் மாட்டிய அந்த உருவம் முதலில் தென்படும்போது ஒரு கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சும்மா நின்றுகொண்டிருக்கும். வராது, அடிக்காது. பார்த்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

அந்த உருவம், கடிதத்தோடு வந்த ஜேம்ஸ் என்கிற அந்த ஒரு மனிதனின் மனசுக்குள்ளிருந்து வந்தது. 2008-ல் 'ஹோம்கமிங்' என்ற பாகத்தில், ஜேம்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத கதையில், அதே முக்கோணத் தலை மறுபடி வந்து நின்றபோது எனக்கு ஊர்த் திருவிழாவில் வேஷம் கட்டி வருகிறவர்தான் ஞாபகம் வந்தார். கூட்டம் கைதட்டும் என்று தெரிந்து வருகிறார். கைதட்டினார்கள்தான்.

2009-ல் பெங்களூரில் சித்தப்பா பையனோடு சேர்ந்து 'ரெசிடென்ட் ஈவில் 5' ஆடினேன். டிவியை இரண்டாகப் பிரித்து அவன் ஒரு பாதி, நான் ஒரு பாதி. பளீரென்ற ஆப்பிரிக்க வெயில். எனக்குக் குண்டு தீர்ந்தால் அவன் தருவான், அவனுக்கு அடிபட்டால் நான் மருந்து போடுவேன். நடுவில் ஒரு டப்பா முறுக்கு. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கிரிக்கெட் ஆடுவது போல இருந்தது. பக்கத்தில் உறவுக்காரன் உட்கார்ந்துகொண்டு "அண்ணே, பின்னாடி பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தால் எந்தப் பேய் வந்து என்ன செய்யும்? விற்பனையில் அது சக்கைப்போடு போட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2012-ல் வந்த ஆறாம் பாகத்தில் லியோன், கிறிஸ், இன்னும் இரண்டு பேர் என்று தனித்தனிக் கதைகள். வெடித்தது, இடிந்தது, ஹெலிகாப்டர் விழுந்தது. பாதியில் எழுந்து போனவன் திரும்ப வரவில்லை. நம் ஊர் சினிமாவிலும் 2007-ல் 'முனி' வந்தது, 2011-ல் 'காஞ்சனா' வந்தது. ஆனால் அங்கே சிரிக்க வைப்பேன் என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் டிக்கெட் கொடுத்தார்கள்.

2012-க்கு வருகிறேன். ஒரு வேலையை விட்டுவிட்டு அடுத்ததற்காக மதுரை வீட்டில் காத்திருந்த எட்டு மாதம் அது. அந்த வருஷத்தை ஆட்டங்களால் நினைவு வைத்திருப்பவன் நான் ஒருவன்தான், மற்றவர்களெல்லாம் கரண்ட் போனதால் நினைவு வைத்திருக்கிறார்கள். சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் போகும். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. அம்மா பழைய சிம்னி விளக்கைத் துடைத்து வைத்துக்கொண்டாள். ரேஷன் மண்ணெண்ணெயை ஒரு பாட்டிலில் ஊற்றி, பாட்டிலில் பேனாவால் கோடு போட்டிருந்தாள். ஒரு கோடு ஒரு ராத்திரிக்கு. நான் செகண்ட் ஹாண்டில் வாங்கிய லேப்டாப்பின் பேட்டரி ஒன்றேகால் மணி நேரம் தாங்கும்.

அப்போதுதான் 'அம்னீஷியா: தி டார்க் டிசென்ட்' ஆடினேன். சுவீடனில் ஹெல்சிங்போரி என்ற ஊரைச் சேர்ந்த ஃபிரிக்‌ஷனல் கேம்ஸ் என்ற சின்னக் குழு 2010-ல் செய்தது. 1839-ஆம் வருஷம், ஒரு கோட்டை, டேனியல் என்று ஒருவன். அவனிடம் துப்பாக்கி கிடையாது, கத்தி கிடையாது. ஒரு லாந்தர் மட்டும். லாந்தருக்கு எண்ணெய் வேண்டும். இருட்டில் நின்றால் அவனுக்குப் புத்தி பேதலிக்கும், வருகிற உருவத்தை உற்றுப் பார்த்தாலும் பேதலிக்கும். வெளிச்சத்தில் நின்றால் அது அவனைக் கண்டுகொள்ளும். மேசை இழுப்பறைகளைத் திறந்து திறந்து எண்ணெய்க் குப்பியும் தீப்பெட்டியும் தேடிக்கொண்டே போக வேண்டும். ஆரம்பத்திலேயே விளக்கை அணைத்துவிட்டு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஆடச் சொல்கிறார்கள். விளக்கு எங்களுக்கு ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

டிவி இல்லாத நேரம் என்பதால் அம்மா பனையோலை விசிறியோடு வந்து பின்னால் உட்காருவாள்.

"அவன் எதுக்குய்யா வெளக்க அணைச்சுட்டு நிக்கிறான்?"

"எண்ணெய் தீந்துரும்மா."

"இருட்டுல நின்னா மட்டும் ஊறுமா?"

அவளுக்கு அந்த ஆட்டத்தின் கணக்கு ஐந்து நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. எந்த அறைக்குள் விளக்கோடு போகலாம், எதைத் தடவிக்கொண்டே கடக்கலாம் என்று யோசனை சொல்வாள். எண்ணெய்க் குப்பி கிடைத்தால் என்னைவிட அவளுக்குத்தான் சந்தோஷம்.

அதில் தண்ணீர் தேங்கிய நிலவறை ஒன்று உண்டு. தண்ணீருக்குள் ஏதோ இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் அதன் அடிகள் விழும் இடம் மட்டும் தெறிக்கும். பெட்டிகள் மேல் நிற்கும் வரை ஆபத்தில்லை, இறங்கினால் ஓடி வரும். நான் ஒரு பெட்டி மேல் நின்று அடுத்த பெட்டிக்கு எத்தனை எட்டு என்று அளந்துகொண்டிருந்தேன். எதையாவது அந்தப் பக்கம் தூக்கி எறிந்தால் அது அங்கே போகும், அந்த நேரத்தில் இந்தப் பக்கம் ஓடிவிடலாம். எறிந்தேன். சளப் சளப் என்று அந்தப் பக்கம் போனது. நான் இறங்கிய அந்த நொடியில் லேப்டாப் செத்தது. திரை, சிம்னி இல்லாத அறை, ஜன்னல், எல்லாம் ஒரே கருப்பு. அம்மா அன்று படுத்துவிட்டிருந்தாள். நான் ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

சளப்.

கொல்லைப் பக்கம். பக்கத்து வீட்டு அக்கா ட்ரம்மிலிருந்து தண்ணீர் மோந்துகொண்டிருந்தார். அது அவர்தான் என்று மூளைக்குத் தெரிந்த பிறகும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்த எனக்குக் கால் வரவில்லை.

அடுத்த வருஷம் வேலை கிடைத்தது. முதல் மூன்று மாதச் சம்பளத்தில் வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டேன். 2013 செப்டம்பரில் அம்னீஷியாவின் அடுத்த பாகம் வந்தது. 'எ மெஷின் ஃபார் பிக்ஸ்'. இந்தத் தடவை சுவீடன்காரர்கள் தாங்களே செய்யாமல், தி சைனீஸ் ரூம் என்ற பிரிட்டிஷ் குழுவிடம் கொடுத்திருந்தார்கள். லீவு போட்டுக்கொண்டு மதுரைக்குப் போய் ஆடினேன். அது என் மூடநம்பிக்கை, அதே அறையில்தான் ஆட வேண்டும் என்று.

கதாநாயகன் கையில் மின்விளக்கு இருந்தது. எண்ணெய் வேண்டாம். தீரவே தீராது. புத்தி பேதலிக்கிற கணக்கையும் எடுத்துவிட்டார்கள். பையும் இல்லை, சேர்த்து வைக்க ஒன்றும் இல்லை. நான் வழக்கம் போல இழுப்பறையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. அது வெறும் மரச்சாமான் படம். ஒரு உருவம் பக்கத்தில் வரும்போது விளக்கு விட்டுவிட்டு எரிந்து முன்கூட்டியே தகவல் சொல்லியது. தமுக்கம் பொருட்காட்சியில் பேய் வீட்டுக்குள் போய் வெளியே வருவது போல இரண்டு ராத்திரியில் முடித்துவிட்டேன். இரண்டாவது ராத்திரி கரண்ட் போனது. இன்வெர்ட்டர் ஒரு தடவை 'டிக்' என்றது, ஃபேன் கூட நிற்கவில்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, இந்த ஆளுக்கு எண்ணெயே தீராதா?" என்று கேட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த ஆட்டத்துக்கு நான் அநியாயம் செய்யக்கூடாது. 1899-ஆம் வருஷத்தின் கடைசி ராத்திரி, லண்டன், ஒரு வீட்டுக்கடியில் இறங்கிக்கொண்டே போகும் கசாப்புத் தொழிற்சாலை. வரப்போகும் நூற்றாண்டு என்னென்ன செய்யப்போகிறது என்று முன்பே பார்த்துவிட்ட ஒருவனின் கதை. எழுத்து அசாத்தியம். ஜெசிகா கரியின் இசையை இன்னமும் கேட்கிறேன். அதைத் தனி ஆட்டமாக, வேறு பெயரில் விட்டிருந்தால் நான் தலையில் வைத்துக்கொண்டு ஆடியிருப்பேன். முந்தைய பாகத்தின் பெயரைப் போட்டதால் நான் எண்ணெயைத் தேடினேன்.

இதற்கு நேர்மாறான அனுபவம் 'டெட் ஸ்பேஸ் 2'. 2014-ல், சென்னையில், தள்ளுபடியில் முதல் இரண்டு பாகங்களையும் சேர்த்து வாங்கினேன். 2008-ல் வந்த முதல் பாகம் முழுவதும் இஷிமுரா என்ற விண்கலத்துக்குள் நடக்கும். ஐசக் கிளார்க் என்ற இன்ஜினியர், சுரங்கத்தில் பாறை வெட்டும் கருவியை வைத்து, பிணங்களாக எழுந்து வருகிறவற்றின் கை கால்களை வெட்டிக்கொண்டே போக வேண்டும். அவற்றுக்கு வழி காற்றுக்குழாய். சுவரில், கூரையில், எங்கே கம்பித்தட்டு இருக்கிறதோ அங்கிருந்து வரும். பத்து நாள் ராத்திரி ராத்திரியாக அந்தக் கப்பலில் கிடந்தேன்.

2011-ல் வந்த இரண்டாம் பாகம் சனிக்கிரகத்தின் டைட்டன் நிலவில் ஒரு நகரத்தில் நடக்கிறது. எடுத்த எடுப்பில் ஐசக்குக்குக் கைகளைக் கட்டிப்போட்ட பைத்தியக்கார ஆஸ்பத்திரிச் சட்டை. அப்படியே ஓட வேண்டும். பிறகு ஆயுதங்கள் வருகின்றன, சண்டைகள் வருகின்றன, முதல் பாகத்தில் வாயே திறக்காதவன் இப்போது பேசுகிறான். பரவாயில்லை, நல்ல ஆக்‌ஷன் படம் என்று கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். பாதியைத் தாண்டிய பிறகு ஒரு கதவு. அதற்கு அந்தப் பக்கம் இஷிமுரா.

சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். சுவரெல்லாம் பிளாஸ்டிக் விரிப்பு தொங்குகிறது. ரத்தக்கறையைக் காணோம். எனக்கு உடனே ஞாபகம் வந்தது தாத்தா செத்த வீடு. உடம்பை எடுத்த பிறகு கூடத்தைக் கழுவிவிட்டு, சாமான்களையெல்லாம் மறுபடி அதனதன் இடத்தில் வைத்துவிட்டார்கள். எல்லாம் பழையபடி இருந்தது. ஆனால் அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் ஒரு வாரத்துக்கு யாரும் கால் வைக்கவில்லை, குழந்தைகள்கூடச் சுற்றித்தான் ஓடின. அதே போலத்தான் நான் அந்தக் கப்பலில் நடந்தேன். இந்தத் திருப்பத்தில் கூரையிலிருந்து விழுந்தான். இந்த லிஃப்ட் பக்கத்தில் இரண்டு பேர். எனக்குத் தெரியும். ஒருவரும் வரவில்லை. காற்றுக்குழாய்களைப் பார்த்துப் பார்த்து ஆயுதத்தை நீட்டுகிறேன். ஒன்றுமில்லை. விரிப்பு மட்டும் அசைகிறது. ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் ஒரு காலிக் குழாய்க்குள் மூன்று குண்டை வீணாக்கினேன். அந்த மூன்று குண்டு பின்னால் எவ்வளவு தேவைப்பட்டது என்பது வேறு விஷயம். வந்தபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மூன்றாம் பாகம் 2013-ல் வந்தது. எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே வகைக் குண்டு, கூடவே ஒரு துணைக்கு ஆள் சேர்த்துக்கொள்ளும் வசதி, ஆயுதம் செய்ய ஒரு பட்டறை, பொருள் போதவில்லை என்றால் நிஜக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பனி பெய்தது. வேறு ஞாபகம் இல்லை.

2015 ஜனவரியில் முதல் 'ரெசிடென்ட் ஈவில்' புது உருவத்தில் கம்ப்யூட்டருக்கு வந்தது. 2002-லேயே மிகாமி அதை முழுக்கத் திரும்பச் செய்திருந்தார். அதன் மெருகேற்றிய பதிப்பு இது. நான் நிறுவியதும் மாப்ளைக்குத்தான் போன் போட்டேன். அவன் அப்போது சிங்கப்பூரில். போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு வராந்தா வரை போனேன். அதே வளைவு, அதே ஜன்னல் வரிசை.

"எண்ணுடா" என்றேன்.

எண்ணினான். பதினைந்து வருஷம் கழித்தும் சரியாகத்தான் எண்ணினான். அவன் நிறுத்திய இடத்தில் கண்ணாடி 'கிரீக்' என்றது. ஒரு விரிசல் விட்டது. அவ்வளவுதான்.

"வந்துச்சா?"

"வரலடா."

"ஏன் வரல?"

அவன் கேட்டது எனக்கும் கேள்விதான். விரிசல் விட்ட ஜன்னலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்து அந்தப் பக்கக் கதவுக்குள் போய்விட்டேன். இனி அந்த வராந்தாவில் ஒவ்வொரு தடவை போகும்போதும் வரும்போதும் அந்த ஜன்னலைக் கடக்க வேண்டும். மாளிகையின் பாதி அறைகளுக்கு அதுதான் வழி. ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டும் என்று மாப்ள போனை வைத்துவிட்டான். அரை மணி நேரம் கழித்து ஒரு செய்தி அனுப்பினான்: வந்துச்சா? அதற்குப் பதில் எழுத போனைக் கையில் எடுத்தபடியே, ஒரு கையால் நடந்துகொண்டிருந்தபோதுதான் அது குதித்தது. இருபத்தேழு வயது ஆளுக்கு வரக்கூடாத ஒரு சத்தம் எனக்கு வந்தது.

கடைசியாக ஒன்று. 2023 ஜூனில் 'அம்னீஷியா: தி பங்கர்' வந்தது. இந்தத் தடவை ஃபிரிக்‌ஷனல்காரர்கள் தாங்களே செய்தது. முதல் உலகப் போர், பிரெஞ்சுப் படையின் பதுங்குகுழி, ஆன்ரி கிளெமான் என்ற சிப்பாய். துப்பாக்கி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு எனக்கு மனசு விட்டுப்போயிருந்தது. கொடுத்தார்கள்தான், ஒரு ரிவால்வர், விரல் விட்டு எண்ணும் குண்டு. சுட்டால் அந்த மிருகம் சாகாது, கொஞ்ச நேரம் விலகிப் போகும், அவ்வளவுதான். கை டார்ச்சுக்குச் சாவி கொடுப்பது போல இழுக்க வேண்டும், அந்தச் சத்தம் கேட்டு அது வரும். புதிதாக ஆரம்பித்தால் பொருள்கள் போன தடவை இருந்த இடத்தில் இருக்காது. ஒரு அறையில் ஜெனரேட்டர் இருக்கிறது. எரிபொருள் ஊற்றினால் குழி முழுக்க விளக்கு எரியும், விளக்கு எரியும் வரை அது வெளியே வரத் தயங்கும். இன்னும் எவ்வளவு நேரம் ஓடும் என்று பார்க்கக் கையில் ஒரு பாக்கெட் கடிகாரம். தூரத்தில் எங்கோ இருக்கும்போது முள் கடைசிக்கு வந்துவிட்டால் ஓடித்தான் திரும்ப வேண்டும். ஓடினால் சத்தம்.

அம்மா அந்த வாரம் சென்னையில் என்னோடு இருந்தாள். ராத்திரி பன்னிரண்டரை இருக்கும். ஹால் விளக்கை அணைத்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை. திரையில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கேனைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு இருக்கு?"

தூக்கிவாரிப் போட்டது. "அரை கேன் கூட இல்லம்மா" என்றேன்.

சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கடிகாரத்தையே பார்த்தாள்.

"அப்ப ரொம்ப தூரம் போகாதய்யா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள். போகிற வழியில், எப்போதும் அணைத்துவிட்டுப் படுக்கிற சமையலறை விளக்கை அன்றைக்கு அணைக்கவில்லை.